துண்டுக்கு அடியில முடிச்ச ரேட்டு

நான் மூணாங்கிளாஸ தாண்டாதவன். ஆனா என் வெரலு நல்லா பேசும். பங்காருபாளையம் மாங்கா மண்டியில தரகு வேல. துண்டுக்கு அடியில கையப் புடிச்சி, வெரல அமுக்கியே ரேட்ட முடிச்சிடுவோம். பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒரு எழவும் தெரியாது.

போன சீசன்ல எங்க மண்டி மொதலாளி சித்தூர்ல ஃபுட்பால் மேட்ச் வெச்சாரு. சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஆம்பளைங்க மேட்ச் ஒண்ணு, பொம்பளைங்க மேட்ச் ஒண்ணு. ஆடறவங்களுக்கு அவரே காசு குடுக்குறாரு. சித்தூர் பொம்பள டீமுக்கு எம்பொண்ணு தான் கேப்டன்.

"நைனா, ஆம்பளைங்களுக்கு குடுக்கறதயே எங்களுக்கும் கேளு. வெளிநாட்ல நாட்டுக்கு ஆடற டீமுங்களுக்கே ஒரே சம்பளம் ஆயிடுச்சி"ன்னு ஃபோன காட்னா.

"ஒரே துண்டுல முடிச்சிட்டு வரேன்ம்மா"ன்னேன். வாயி இருக்குதே, வாயி!

மொதலாளி துண்ட போட்டாரு. ஆம்பளைங்களுக்குன்னு என் அஞ்சு வெரலையும் சேத்து புடிச்சாரு. தலைக்கு ஐயாயிரம். பொம்பளைங்களுக்குன்னு சுண்டுவெரல மட்டும் புடிச்சாரு. நான் இழுத்தேன், அமுக்கினேன், சிரிச்சேன். கடைசில ரெண்டு வெரலு. மண்டியில ஒண்ண ரெண்டாக்கினா அது பெரிய ஜெயம். பிரியாணி துன்னுட்டு, பல்ல காட்டிக்கினு வீட்டுக்கு போனேன்.

"ரெண்டாயிரத்துக்கு முடிச்சிட்டேன்ம்மா!"

"அவங்களுக்கு?"

"அஞ்சு."

"எங்களுக்கு கோல் போஸ்ட்ட சின்னதா நடுவாங்களா நைனா?"

"மொதல்ல ஒண்ணு தான் சொன்னாரும்மா, நான் தான்..."

"சீ! அழுவின மாங்கா மாரி எங்கள தள்ளிட்டு வந்திருக்க."

சோப்பு போட்டு போட்டு கைய கழுவினேன். அந்த சீ மட்டும் போவல.

மேட்ச் அன்னைக்கி அவ நேரா மொதலாளிகிட்ட போனா. பழக்கத்துல அவரு துண்ட நீட்டினாரு. அவ கைய குடுக்கல.

"துண்டு ஒத்து சார். எந்த இஸ்தாரோ மைக்லோ செப்பண்டி!" துண்டு வேணாம், எவ்ளோ குடுக்குறீங்கன்னு மைக்ல சொல்லுங்கன்னு தெலுங்குல கத்தினா. கிரவுண்டே திரும்பி பாத்துச்சி.

அவரு என்ன பாத்தாரு. நான் வானத்துல காக்கா எண்ணினேன். "பொண்ணுங்களுக்கு இதே ஜாஸ்தி"ன்னு முணுமுணுத்தாரே தவிர மைக்க தொடல. ரெண்டுன்னு சொல்ல வெக்கம், அஞ்சு குடுக்க மனசில்ல. தூ! அந்த தூ அவருக்கு ஒண்ணுன்னா, எனக்கு ரெண்டு.

பொண்ணுங்க பதினோரு பேரும் நடு கிரவுண்டுல குந்திட்டாங்க. திருப்பதி பொண்ணுங்களும் வந்து கூட குந்தினாங்க. ஆம்பளைங்க மேட்சும் நின்னுபோச்சி. நானும் பெரிய மன்சனாட்டம் குந்தப் போனேன்.

"துண்ட தூக்கி எறிஞ்சிட்டு குந்து நைனா"ன்னா.

மொதலாளி பாத்துக்கினே இருக்காரு. துண்டு இல்லாம மண்டிக்கு போனா எனக்கு சோறு ஏது? துண்ட எடுத்தேன். நாலா மடிச்சேன். அதும்மேலயே குந்தினேன்.

"தர சுடுதும்மா"ன்னேன்.

எம்பொண்ணு என்ன உட்டு தள்ளி குந்தினா.