லைட்டு எரியாத கேமரா

ஏன்டி, உனக்கு வேற சோலியே இல்லையா? என் மருமகன் எந்தக் கேமரா வாங்குனாக, ஏன் வாங்குனாகன்னு கேட்டு நீ என்ன படம் எடுக்கவா போற? சரி, இங்குட்டு உக்காரு. இந்தக் கீரைய ஆஞ்சுகிட்டே கேளு.

ரெண்டாயிரம் பொறக்கப் போகுதுன்னு ஊரே பேசிக்கிட்டிருந்த சமயம். மருமகன் மெட்ராசுல பல வருசம் சினிமாவுல உதவியாளா இருந்துட்டு, முதல் போட ஆள் கிடைக்காம காரைக்குடிக்கே வந்துட்டாக. கையில இருந்ததை வச்சு சொந்தமா ஒரு சின்னப் படம் எடுக்கணும். ஒரு கேமரா வாங்கத்தான் தெம்பு; அது சொதப்புனா படமே இல்ல. நடிக்க யாரு? நான்தான். சம்பளம் கேக்க மாட்டேன்ல!

எடுத்துப் பாக்க ரெண்டு கேமரா இரவல் வந்துச்சு. ஒண்ணு கல்யாண வீடியோக்காரரோடது, தோள்ல சுமக்குற பெருசு. இன்னொண்ணு டிஜிட்டலு, யாரோ சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது, உள்ளங்கையில அடங்கும்.

"மாப்பிள்ளை, பெருசையே வாங்குங்க. இந்தச் சின்னதைத் தூக்கிட்டுப் போனா சவரம் பண்ற மிசினுன்னு நினைப்பாக"ன்னேன்.

பெருசுக்கு லைட்டைப் போட்டாக. நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்து வெங்காயம் உரிச்சேன். பக்கத்து வீட்டுக்காரிக வரிசையா நின்னு பல்லைக் காட்டுனாளுக. ஒருத்தி, "பந்தி எப்ப?"ன்னா. மருமகன் தலையில கைய வச்சுக்கிட்டாக.

மறுநாள் சின்னதை அடுப்படியில உப்பு ஜாடி பக்கத்துல வச்சு, "இந்த வெளிச்சம் போதுமான்னு பாக்குறேன் அத்தை, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க"ன்னுட்டு வெளிய போயிட்டாக. லைட்டு எரியல. நம்ம ஊர்க் கல்யாணத்துல லைட்டு எரிஞ்சாத்தானே கேமரா ஓடும்? அணைச்சுட்டாகன்னு நினைச்சு, வெங்காயம் உரிச்சுக்கிட்டே மககிட்ட மனசு விட்டுப் பேசிட்டேன்.

"உன் புருசன் சோத்தை அளைஞ்சுட்டு எந்திரிச்சுப் போறாக, பாத்தியா? ஊரே கேலி பண்ணுது, ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. அந்த மூஞ்சி வாடிக் கிடக்குறத என்னால பாக்க முடியலடி. இந்த ஒரு படத்தையாவது எடுத்துரணும்."

சாயங்காலம் டிவியில போட்டாக. கொஞ்சம் இருட்டா, புள்ளி புள்ளியாத்தான் இருந்துச்சு. ஆனா அதுல நான் நானா இருந்தேன், கண்ணைத் துடைச்சு மூக்கைச் சீந்துற வரைக்கும். எனக்கு ஓடி ஒளிஞ்சுக்கலாமான்னு இருந்துச்சு. மருமகன் அதையே திரும்ப ஓட்டிப் பாத்தாக.

"இதுதான் அத்தை"ன்னாக.

"கேமராவா?"

"கேமராவும் இதுதான். படத்துல முதல் சீனும் இதுதான்."

"அட, அந்த மூக்கையாவது வெட்டிருங்க மாப்பிள்ளை"ன்னேன். வெட்டலையே!

படம் பாத்துட்டு பக்கத்து வீட்டுக்காரிக, "ஏக்கா, மருமகனுக்காகவா அப்படி அழுதீக?"ன்னு சூழ்ந்துக்கிட்டாளுக.

"அழுகையாவது! சின்ன வெங்காயம்டி. ஒரு படி உரிச்சுப் பாருங்க, உங்களுக்கும் மருமகன் மேல பாசம் பொங்கும்"னேன்.