காரணம்: ஈரத் தரை

நாலு வயதுக் குழந்தைக்கு எதுவும் நினைவில் தங்காது என்று நான் முழுசாக நம்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை. வசதியாக இருந்தது, நம்பினேன். ஏழாம் நாள் தையல் பிரிக்கும்போது நூலோடு நினைவையும் சேர்த்து உருவிக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார்கள் என்பது என் கணிப்பு. சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு முப்பத்தோரு வயது, பட்டதாரி வேறு.

போன வாரம் பையன் புனேயிலிருந்து செய்தி அனுப்பியிருந்தான். "டி.சி. இருக்காப்பா? போட்டோ எடுத்து அனுப்புங்க." எங்களுக்குள் இப்போதெல்லாம் இவ்வளவுதான் பேச்சு. பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை. மனைவியின் புடவைகளுக்கு அடியில், பழைய ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். அவள் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. தாளைப் பிரித்தால், 'அங்க அடையாளங்கள்' என்ற இடத்தில் வாத்தியார் கையெழுத்து: இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் மச்சம் தேடித்தேடி எழுதுவார்கள். என் பிள்ளைக்கு அந்தச் சிரமத்தை நான் வைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருந்தோம். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் எனக்குப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. பாதுகாப்பு என்றதும் துப்பாக்கியை நினைக்க வேண்டாம். எங்கள் பிரிவில் கட்டைவிரலில் முள் குத்தினாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு. என்ன நடந்தது, எங்கே நடந்தது, காரணம் என்ன, தவிர்த்திருக்க முடியுமா என்று நாலு கட்டங்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் யார் பெயரும் வராமல் எழுதுவதில்தான் என் திறமையே இருந்தது. சாரம் கட்டியவன் தூங்கினாலும், மேஸ்திரி திட்டித் துரத்தினாலும், நான் எழுதுவது ஒன்றுதான்: தரை ஈரமாக இருந்தது. தரை ஆட்சேபணை தெரிவித்து மனு போடாது, பாருங்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி காலையிலேயே ஃபினாயில் போட்டு வீட்டைத் துடைத்துவிட்டு மீன் வாங்கப் போயிருந்தாள். பத்து மணிக்குப் பையனின் புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. கண்ணே போயிற்று என்றுதான் நினைத்தேன். ஈரத் துண்டை எடுத்து அவன் முகத்தில் அழுத்தினேன். வண்டிச் சாவியைத் தேடினேன். பழக்க தோஷத்தில் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி வாரைப் பூட்டினேன். பிறகு பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், நடந்தே. ஸ்கூட்டர் வாசலில் நின்றது.

லுங்கி, ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் அவள் செருப்பு, தலையில் ஹெல்மெட். கடைத்தெருவில் மீன்காரம்மா ஒருத்தி கூடையோடு எழுந்தே நின்றுவிட்டாள்.

"சார், ஹெல்மெட்டு கீது, வண்டி எங்க சார்?"

ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. "அய்ய, கொயந்தய்யா! வயி வுடுங்கய்யா!" என்று எனக்கு முன்னால் கத்திக்கொண்டே ஓடிவந்து கிளினிக் வரை கூட்டத்தை விலக்கிவிட்டாள்.

கிளினிக் என்றால் ஒரே ஒரு அறை, ஒரு டாக்டரம்மா, ஒரு கம்பவுண்டர். கம்பவுண்டர் ஏழுமலை பையனைப் படுக்கவைத்துப் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தார். இன்றைக்கும் அந்த வாசனை மூக்கில் ஏறினால் உட்கார இடம் தேடுவேன்.

"எப்படி அடிபட்டுச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பையன் வாயைத் திறந்தான். "அப்பா..."

"தரை ஈரமா இருந்துது டாக்டர்," என்றேன். "வழுக்கிட்டான்." மூச்சு வாங்கவில்லை, குரல் நடுங்கவில்லை. அத்தனை படிவங்களின் பயிற்சி.

அந்த நேரம் பார்த்து, கடைத்தெருவில் சேதி கேட்டு, மனைவி மீன் கூடையோடு உள்ளே ஓடிவந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. கூடையை அங்கேயே போட்டாள். "நான்தானே தொடச்சேன்," என்றாள். சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

'இல்லை' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஏழுமலை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் இருந்தது.

மூன்று தையல். கறுப்பு நூல். பையன் அழவேயில்லை. ஊசி ஏறும்போதெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தையலில் நான் கீழே விழுந்தேன். கண் திறந்தபோது ஏழுமலையின் முகம் மேலே தொங்கியது.

"நல்லவேள, ஹெல்மெட்டு போட்டுக்கினு வுயுந்த சார். இல்லாங்காட்டி உனக்கும் நாலு தையலு. புள்ள கம்முனு கீது, நைனாவுக்குத்தான் பேஜாரு!"

இந்தக் கதையை எத்தனை கல்யாணப் பந்திகளில் சொல்லியிருப்பேன்! ஹெல்மெட் இடத்தில் ஒரு சிரிப்பு, ஏழுமலை இடத்தில் ஒரு சிரிப்பு, இரண்டும் நிச்சயம். மனைவி சிரிக்கமாட்டாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும், "நான் தொடச்ச தரைதான்," என்பாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் பையன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தரை துடைப்பாள். துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்து, மேஜை விசிறியைக் கீழே இறக்கித் தரைக்குக் காற்று வைப்பாள். அதையும் கிண்டல் செய்தேன். "எங்க வீட்டுல எனக்கு வேர்க்கலாம், தரைக்கு வேர்க்கக் கூடாது." இதற்கும் சிரித்தார்கள்.

பத்தாம் வகுப்பில் டி.சி. வாங்க நானும் பையனும் போனோம். வாத்தியார் பேனாவும் கையுமாக நிமிர்ந்தார். "புருவத்துல என்னடா?"

"ஈரத் தரையில வழுக்கிட்டேன் சார்," என்றான். என் வார்த்தை, என் தொனி. நினைவு கரைந்தே போய்விட்டது, தப்பித்தேன் என்று நினைத்தேன். வெளியே வந்து வண்டியை உதைக்கும்போது, பின்னால் உட்கார்ந்தபடி மெதுவாகச் சொன்னான்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கப்பா. நான் சொன்னா உங்கள ஒரு மாதிரி பாப்பாங்க."

"சொல்றேண்டா," என்றேன்.

மறுநாள் சொல்ல நினைத்தேன். பிறகு தீபாவளி கழியட்டும் என்றேன். அவன் கல்லூரிக்குப் போனான், வேலைக்குப் போனான். ஊருக்கு வரும்போதெல்லாம் முதலில் அம்மா முகத்தைப் பார்ப்பான், பிறகு என் முகத்தை. சில வருடங்களில் பார்ப்பதை நிறுத்திவிட்டான். வருவதும் குறைந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது அவள் என் கையைப் பிடித்துக் கேட்டாள். "அன்னைக்கு நான் தொடைக்காம போயிருந்தா, பையன் முகம் நல்லா இருந்திருக்கும் இல்ல?" அப்போதும் நான் ஹெல்மெட் கதையைத்தான் எடுத்தேன்.

கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஏழுமலை இல்லை. கேட்க வேண்டியவளும் இல்லை. டி.சி.யைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அலுவலக அறிக்கை ஒன்றைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். பையன் சிவப்புப் பேனாவால் அதன்மேல் கப்பல் வரைந்தான். நான் அவனைப் பிடித்துத் தள்ளினேன். கட்டில் முனையில் போய் மோதினான். அவள் துடைத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தரை காய்ந்திருந்தது.