‘கொ’வுக்குக் கால் வந்த கதை

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் லீமாவை ‘ஸ்கிரீன்காரம்மா’ என்று கூப்பிடுவோம். கேலிக்கு வைத்த பெயர்தான். இப்போது அதுவே மரியாதையான பெயராகிவிட்டது. விடியும் முன்னே எங்களோடு பாத்தியில் இறங்கி உப்பு வாருவாள். பதினொரு மணி வெயில் ஏறியதும் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். சோற்றைத் தின்றுவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்து எழுத்துகளை நடக்க வைப்பாள். அதுதான் அவளுடைய இரண்டாவது வேலை. வயது நாற்பத்திரண்டு.

அவள் வீட்டுக்காரர் விக்டர் மைக்செட் வைத்திருக்கிறார். இரண்டு வருஷமாகப் பெரிய ஸ்கிரீனும் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போகும். ஸ்கிரீன் சும்மா கறுப்பாக நின்றால் யாருக்குப் பிடிக்கும்? பெயர் ஓட வேண்டும், பூ விழ வேண்டும். அதைச் செய்து தருவதாகச் சொன்ன ஆள் ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் போனை எடுக்க மாட்டான். ஒரு நாள் விக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது லீமா சொன்னாள்: “நானே கத்துக்கிறேன். மழைக்காலத்துல ஃபிளெக்ஸ் கடையில தமிழ் டைப் அடிச்சவதானே நானு?”

மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. அந்த மூன்று மாதமும் போனில் பாட வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். பாடம் எல்லாம் இங்கிலீஷில். “அந்த ஆளு பேசுறது ஒண்ணும் புரியாதுக்கா. எலி எங்க போவுது, எதைத் தட்டுது, அதை மட்டும் பாப்பேன்” என்பாள். எலி என்றால் மவுஸ்.

எனக்கும் ஒருமுறை காட்டினாள். எழுத்து எங்கிருந்து புறப்பட வேண்டும் என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். எங்கே வந்து நிற்க வேண்டும் என்று இன்னொரு புள்ளி. நடுவில் உள்ள நடையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்படியே விட்டால் எழுத்து சுவரில் முட்டியதுபோல டக்கென்று நிற்கும். மெல்ல வந்து அடங்கி நிற்கச் சொல்ல வேறு ஒரு பொத்தான் இருக்கிறது. மடையை அடைத்த பிறகு பாத்தியில் தண்ணீர் அடங்குவதுபோல எழுத்து வந்து நின்றது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆண்டவர் யாருக்கு எந்தத் திறமையை ஒளித்து வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

அவள் செய்த முதல் வேலை பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் ஒரு காதுகுத்து. குழந்தையின் பெயர் பூவிழி. நான்கு பக்கத்திலிருந்தும் எழுத்துகள் பறந்து வந்து பெயராகச் சேர்ந்தன. ஊரே கைதட்டியது. அந்தப் பெயரில் கொம்பும் இல்லை, காலும் இல்லை என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மேரிசெல்வியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். விக்டருக்கு அக்கா, லீமாவுக்கு நாத்தனார்; ‘அண்ணி’ என்றுதான் கூப்பிடுவாள். ஐம்பத்தைந்து வயது. எங்கள் கோயிலில் பதினெட்டு வருஷம் பாட்டுக்கு முதல் குரல் கொடுத்தவர். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போய், கடைசியில் ஒன்றுமே கேட்காமல் போனது. அப்போதும் பாடினார். ஆனால் நாங்கள் ஒரு வரி முடிக்கும் முன்னே அவர் அடுத்த வரியில் இருப்பார். இல்லையென்றால் நாங்கள் நிறுத்திய பிறகும் அவர் குரல் மட்டும் தனியாக நிற்கும். ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித் திரும்பிப் பார்ப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்று வருஷமாகப் பூசைக்கு வந்தாலும் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்.

லீமாவின் மனசில் இருந்தது இதுதான். பாட்டின் வரிகளை ஸ்கிரீனில் போட வேண்டும். பாடும் சொல் எதுவோ அது மட்டும் அந்த நேரத்தில் வெளிச்சமாக வேண்டும். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே எல்லாரோடும் சேர்ந்து பாட வேண்டும். இந்த வருஷத் திருவிழாவில் அது நடக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லி வேண்டிக்கொண்டாள்.

திருவிழாவுக்குப் புதுப் பாட்டு எழுதியிருந்தார்கள். மெட்டு பழையது, மேரிசெல்விக்கு உடம்பில் ஊறியது. வரிகள்தான் புதிது.

*கொடுத்தவரே, அள்ளிக் கொடுத்தவரே,*
*உப்போடு ஒளியும் கொடுத்தவரே, நன்றி.*

லீமா ஒரு வாரம் கெஞ்சி, போனில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டி, கொடியேற்றத்தன்று நாத்தனாரை மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள்.

கொடி ஏறியது. மேளம் கொட்டியது. பீடத்துக்குப் பக்கத்தில் ஸ்கிரீனில் எழுத்துகள் நாலா பக்கத்திலிருந்தும் பறந்து வந்தன. புதுப் பாட்டாயிற்றே, எல்லார் கண்ணும் ஸ்கிரீனில். என்னைப்போல எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண்கள் பத்துப் பேர் முன்னால் நின்றிருந்தோம். அங்கே என்ன இருந்ததோ அதை அப்படியே உரக்கப் பாடினோம்:

“கெடுத்தவரே…”

‘கொ’ என்ற எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ‘க’, பின்னால் ஒரு கால். லீமா டைப் அடித்தது ஃபிளெக்ஸ் கடையின் பழைய எழுத்தில். அதில் இந்த மூன்றும் தனித்தனித் துண்டு. கொம்பும் ‘க’வும் சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டன. கால் மட்டும் தூரத்து மூலையிலிருந்து ஆற அமர வந்தது. அது வந்து சேர்வதற்குள் நாங்கள் ஆண்டவரைக் ‘கெடுத்தவரே’ ஆக்கிவிட்டோம்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கோயிலே சிரித்தது. ஃபாதர்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

மேரிசெல்விக்கு இது எதுவும் கேட்காது. வரிகளைத் தாளில் முன்பே படித்திருந்ததால் சரியாகத்தான் பாடினார். மூன்று வருஷம் கழித்து வாயைத் திறந்தார். திறந்ததும் சுற்றிலும் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அவர் என்ன நினைத்திருப்பார்? முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். லீமா ஸ்கிரீன் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் திருவிழாக் கமிட்டித் தலைவர் அந்தோணிதாஸ் அளத்துக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா லீமா, இனிமே உன் எழுத்து வேணாம். பாட்டைத் தாள்ல அடிச்சிக் குடுத்துக்கலாம்.”

“தாள்ல எழுத்து இருக்கும்ண்ணா. இப்ப எந்த எழுத்தைப் பாடுறாங்கன்னு தாளு சொல்லுமா? எங்க அண்ணிக்கு அதானே வேணும்.”

“போன வருஷம் வரைக்கும் நம்ம பாட்டுக்கு ஸ்கிரீனா இருந்துச்சு? சாமி கோவிச்சுக்கினாரா?”

“சாமி கோவிச்சுக்க மாட்டாருங்க. நேத்து நாங்க பாடினதுக்கே கோவிச்சுக்கலையே” என்று நான் சொன்னேன். பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, சனிக்கிழமை எனக்குப் போட்டுக் காட்டு. ஒரு காலு, ஒரு கொம்பு குறைஞ்சாலும் கிடையாது, சொல்லிட்டேன்” என்று போனார்.

அன்று மதியம் லீமா நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தட்டினால் அவருக்குக் கேட்காதே. ஜன்னல் வழியாகப் போனை உள்ளே நீட்டினாள். முதல் நாள் ஸ்கிரீனில் ஓடியதைச் சரியாக அந்த நொடியில் நிறுத்தி வைத்திருந்தாள். மேரிசெல்வி வேண்டாவெறுப்பாக வாங்கிப் பார்த்தார். உதட்டை அசைத்துப் படித்தார். மறுபடி படித்தார். கதவு திறந்தது.

“அடிப்பாவி! சாமியைக் கெடுத்தவரேன்னு போட்டுட்டியா?”

லீமா வாயை நன்றாகத் திறந்து, நாத்தனாருக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள்: “கா…லு… லேட்டா வந்துச்சு அண்ணி.”

“யாரு காலு?”

“கொ-வோட காலு!”

மேரிசெல்வி வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர். “அதுக்கா சிரிச்சாங்க? நான் என்னமோ என்னைப் பாத்துன்னு…” என்று நிறுத்திக்கொண்டார்.

“பாட வர்றீங்களா அண்ணி?” என்று லீமா கேட்டாள்.

“மொதல்ல நீ எழுத்தை ஒழுங்காப் போடு. அப்புறம் பாக்கலாம்.”

லீமா பறக்கும் எழுத்தையெல்லாம் தூக்கிப் போட்டாள். “அந்த வீடியோக்காரரு இங்கிலீஷ் எழுத்துக்குக் கொம்பும் இல்ல, காலும் இல்லக்கா. அவரு ஒண்ணொண்ணா விழ வுடலாம். நம்ம எழுத்து குடும்பமா வரணும்” என்று என்னிடம் சொன்னாள். பழைய எழுத்தை மாற்றிப் புது எழுத்தில் அடித்தாள். ஒரு சொல்லை ஒரே துண்டாக வைத்து, முழுச் சொல்லாகவே மெல்ல வந்து நிற்கச் செய்தாள்.

அடுத்தது நேரம். எந்தச் சொல் எந்த நொடியில் வெளிச்சமாக வேண்டும்? ஒத்திகையில் போனில் பிடித்த பாட்டை வைத்துத்தான் முதலில் புள்ளி வைத்திருந்தாள். அதை நாத்தனாருக்குப் போட்டுக் காட்டினாள். மேரிசெல்வி இரண்டு வரி பார்த்ததும் கையை ஆட்டினார்.

“இது யாரு பாடினது?”

“பாட்டுக் குழுப் பொண்ணுங்க ஏழு பேரு.”

“ஏழு பேரு பாடினா இப்படித்தான் ஓடும். கோயில்ல அறுநூறு பேரு பாடுவாங்க. பின்னால நிக்கிற ஆம்பளைங்க ‘நன்றி’ய இழுத்து முடிக்கிற வரைக்கும் முன்னால இருக்கறவங்க வுட மாட்டாங்க. உனக்குத் தெரியாதா?”

எங்கள் கோயில் வழக்கம் அதுதான். வரியின் கடைசிச் சொல்லை எல்லாரும் சேர்ந்து முடித்தால்தான் மேளக்காரர் அடுத்த அடி தட்டுவார். அந்த இழுப்பு எவ்வளவு என்று எந்தப் போனும் பிடித்து வைத்திருக்கவில்லை. பதினெட்டு வருஷம் பாட்டைத் தூக்கிக் கொடுத்தவர் உடம்பில்தான் அது இருந்தது.

லீமா நாற்காலியை விட்டு எழுந்தாள். நாத்தனாரை அதில் உட்கார வைத்தாள். ஒரு பொத்தானைக் காட்டினாள். பாட்டு ஓடாது, சத்தம் எதுவும் இல்லை, நேரம் மட்டும் ஓடும். சொல் தொடங்கும்போது ஒரு தட்டு, முடியும்போது ஒரு தட்டு. தட்டின இடத்தில் கோடு விழும்.

மேரிசெல்வி சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். விரல் பொத்தானைத் தட்டியது. திரையில் கோடு கோடாக விழுந்தது. ‘நன்றி’ வந்தபோது விரலை மேலேயே நிறுத்தி வைத்திருந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன், ஆறு வரைக்கும் போனது. அதற்குப் பிறகுதான் தட்டினார்.

“இவ்ளோ நேரமா அண்ணி?”

மேரிசெல்வி கண்ணைத் திறந்து அவள் வாயைப் பார்த்தார். “அந்தோணிதாஸ் மூச்சு வுட வேணாமா? அவனுக்குத்தான் இழுப்பு ஜாஸ்தி.”

சனிக்கிழமை அந்தோணிதாஸ் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். வாய்க்குள்ளேயே பாடினார். ‘நன்றி’யில் அவர் மூச்சு முடியவும் ஸ்கிரீனில் சொல் அடங்கவும் ஒன்றாக இருந்தது. அவர் திடுக்கிட்டு லீமாவைப் பார்த்தார்.

“காலு கொம்பு எல்லாம் இருக்குதாண்ணா? எண்ணிப் பாத்துக்குங்க” என்றாள் லீமா.

“இருக்குது, இருக்குது. போடு” என்றார்.

திருவிழாப் பூசையன்று மேரிசெல்வி அதே மூன்றாவது பெஞ்சில் இருந்தார். கை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. லீமா கணினிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பார்த்தவரை அவள் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை, நாத்தனாரின் வாயைத்தான் பார்த்தாள்.

‘கொடுத்தவரே’ முழுசாக வந்து நின்றது, காலோடு. அதன்மேல் வெளிச்சம் ஏறியது. அறுநூறு குரலோடு அந்தக் குரலும் புறப்பட்டது. முந்தவில்லை, பிந்தவில்லை. ‘நன்றி’ வந்தது. பின்னால் ஆண்கள் இழுத்தார்கள், இழுத்தார்கள். சொல் எரிந்துகொண்டே நின்றது. அது அணைந்த அந்த நொடியில் கோயில் முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதியில் ஒற்றைக் குரல் எதுவும் மிச்சமாக நிற்கவில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக நான் ஆண்டவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

பூசை முடிந்து பொங்கல் வாங்கப் போகிற கூட்டத்தில் லீமா நாத்தனாரைத் தேடி வந்தாள். கட்டிப்பிடிப்பார், அழுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேரிசெல்வி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“ரெண்டாவது சரணத்துல மூணாவது வரி கொஞ்சம் ஓடுது. மேளக்காரன் தடுமாறினான், பாத்தியா? நாளைக்கு வர்றேன், சரி பண்ணிடலாம்.”

“வாங்க அண்ணி” என்றாள் லீமா. அவள்தான் அழுதாள்.