மகளிடம் கேட்கப் பழகியவர்

பள்ளிப் பிள்ளைகள் போதைப் பழக்கத்துக்குள் விழாமல் தடுப்பது எப்படி என்று ஆராய்வதுதான் என் வேலை. ஒரு வருடம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் தேவாலய மண்டபமொன்றில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பெற்றோருக்கு வகுப்பு வைத்தேன். முதல் கிழமை உட்காரக் கதிரை போதவில்லை. மூன்றாம் கிழமை ஒரே ஒருவர்தான் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மனைவி குவைத்தில் வீட்டு வேலை. இங்கே அவரும் பதினைந்து வயது மகளும் மட்டும்.

வகுப்பை நிறுத்திவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வலிக்குக் கொடுக்கும் மாத்திரை; பிள்ளைகள் போதைக்காக விழுங்குவது. நான்கு குறைந்திருந்தது.

"மகள்ட ஸ்கூல் பேக்ல இருந்திச்சு, மிஸ். ரெண்டு நாளா அவளும் தேடுறா. நானும் தெரியாத மாதிரி இருக்கன்."

"ஏன் கேக்கேல்ல?"

"கேட்டா என்னோட கதைக்கிறத விட்டுருவா."

பெற்றோர் சொல்ல வேண்டிய வாக்கியங்களை நான் அச்சடித்து வைத்திருந்தேன். 'உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன்' என்பது முதலாவது. அதை வாசித்துவிட்டுக் கூச்சத்தோடு சிரித்தார்.

"இப்பிடிச் சொன்னா அப்பாவுக்கு என்னமோ ஆயிட்டுன்னு புள்ள பயந்திரும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப உங்கட பாணியில கேளுங்கோ. நான்தான் மகள் எண்டு நினையுங்கோ."

கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தார். முதல் தடவை அதட்டினார். இரண்டாம் தடவை, அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று வெருட்டினார். பிறகு மேசையிலிருந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

"இது உன் பேக்ல கெடச்சிச்சு மகள். நான் ஏச மாட்டன். எனக்குப் பயமா இருக்கு."

"இதையே சொல்லுங்கோ" என்றேன்.

அடுத்த சனி எனக்கு முன்னமே வந்து வாசலில் நின்றார். கேட்டுவிட்டாராம். முதலில் கோபப்பட்டாளாம், பிறகு அழுதாளாம். அம்மா போனதிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. விழுங்கினால் ஒரு யோசனையும் வராது என்று கூடப் படிக்கிற பிள்ளை கொடுத்திருக்கிறாள். நான் சொன்ன டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போய்வரத் தொடங்கினார்கள். என்னைப் பார்க்க அவள் விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

வகுப்பின் கடைசிச் சனிக்கிழமை, வழக்கம்போல அவர் ஒருவருக்காக மண்டபத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தபோது எனக்குப் போன் எடுத்தார்.

"இண்டைக்கு வரமாட்டன், மிஸ். கோவிச்சுக்காதீங்க. மகள் கோல்பேஸ் கடற்கரைக்குப் போவம்னு கேக்குறா."

"போயிட்டு வாங்கோ" என்றேன்.

அறிக்கையில் அன்றைய வருகைக்கு எதிரே பூச்சியம் போட வேண்டியிருந்தது. போடும்போது எனக்கு வருத்தமே இல்லை.