கட்டிலுக்கடியில் சிவப்பு சிலிண்டர்

ஒரகடம் ரோட்டை ஒட்டிய ஆண்கள் விடுதி மெஸ்ஸில் எனக்குச் சமையல் வேலை. மெஸ் என்றால் கடைகளுக்கான நீல சிலிண்டரில்தான் சமைக்க வேண்டும். எங்கள் ஓனர் காலி நீலம் ஒன்றைக் கண்துடைப்புக்கு நிறுத்திவிட்டு, வீடுகளுக்குக் கொடுக்கிற சிவப்பு சிலிண்டரில் சமைக்க வைத்தார். ஊரே அப்படித்தான் செய்கிறது, யார் கேட்கிறார்கள்?

அன்று உலையில் அரிசி போட்டிருந்தேன். ஓனருக்கு போன் வந்தது. கேஸ் சிலிண்டர் சோதனைக்கு வந்த ஆபீசர் பக்கத்துத் தெருவில் இருக்கிறாராம்.

"செவப்பெல்லாம் பசங்க ரூம்ல, கட்டிலுக்கு அடியில தள்ளும்மா."

"நைட் ஷிப்ட் பசங்க தூங்கிக்கினு கீறாங்கண்ணே. அதுல ஒண்ணு காலைலேர்ந்து கேஸ் வாடை அடிக்குது."

"ஆபீசர் போற வரைக்கும்தானே. இன்னா ஆயிடும்?"

ஓனரே சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு போனார். அடுப்பில் காலி நீலத்தை மாட்டினார். அந்த ரூமை வெளிப்பக்கம் பூட்டவும் செய்தார். மனுஷன்தானா இவன்? பகலில் தூங்குவதற்காகப் பையன்கள் ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கண் விழித்ததும் படுக்கையிலேயே சிகரெட் பற்ற வைக்கிறவனும் அதில் ஒருவன். எத்தனை முறை திட்டியிருப்பேன், கேட்டால்தானே.

ஆபீசர் வந்தார். அடுப்பு ஏன் எரியவில்லை என்று கேட்டார். இப்போதுதான் கேஸ் தீர்ந்தது என்றார் ஓனர். பூட்டிய ரூமைக் காட்டி ஆபீசர் கேட்டதற்கு, "பசங்க டூட்டிக்குப் போயிருக்காங்க சார்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

"பொய் சார். உள்ள பசங்க தூங்கறாங்க, கேஸும் ஒழுகுது. மொதல்ல பூட்டைத் தொறக்கச் சொல்லுங்க."

கதவைத் திறந்ததும் வாடை குப்பென்று வந்தது. சுவிட்சைத் தொடாதீர்கள் என்று கத்திக்கொண்டே ஒவ்வொருவனாகத் தட்டி எழுப்பி வெளியே தள்ளினேன். ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

ஆபீசரோடு வந்தவர்கள் சிலிண்டர்களை வண்டியில் ஏற்றினார்கள். மெஸ்ஸை மூடச் சொன்னார்கள். நாளையிலிருந்து வராதே என்று ஓனர் என்னிடம் சொன்னார். அது எனக்குத் தெரிந்ததுதான்.

சுவரோரம் இருந்தவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"ஏக்கா, மெஸ்ஸ மூட வச்சிட்டியளே. சாயந்திரம் நாங்க என்னத்தத் தின்னுட்டு டூட்டிக்குப் போவ?"

செத்திருப்பியேடா என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே போய்ப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தேன். அரிசி பாதி வெந்து நின்றிருந்தது.