பூசணிக்கொடிக்கு அடிக்காத மருந்து

எனக்குத் தெரிந்து அம்மா பொய் சொன்னது ஒரு பூசணிக்கொடி விஷயத்தில் மட்டும்தான். அதையும் தன் சொந்தத் தம்பியிடமே சொன்னாள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதனால் புதுவாயலில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் கிடந்த துண்டு மண்ணில் அம்மா போட்ட மஞ்சள் பூசணி, குளியலறைக் கூரைமேல் ஏறிப் படர்ந்திருந்தது. லாரிகள் கிளப்பிய புழுதி இலைகளில் அப்பியிருக்கும். ஆனாலும் காலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கள் விரியும். எப்படித்தான் தெரியுமோ, விடிந்ததும் தேனீக்கள் வந்துவிடும்.

மாமா திருவள்ளூரில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஒருமுறை கொடியின் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் எள்ளைத் தூவினதுபோல் பச்சைப் பூச்சி.

“இன்னாக்கா, இலையெல்லாம் சுருட்டிக்கினு கீது?”

அடுத்த வாரமே ஒரு பாட்டிலோடு வந்தார். “ஒரு மூடி ஊத்திக் கலந்து அடி. ஒரு பூச்சி நிக்காது.”

அம்மா முகமெல்லாம் சிரிப்பாக அதை வாங்கிப் பரண்மேல் வைத்தாள். அன்று சாயந்தரம் பூக்களெல்லாம் மூடிக்கொண்ட பிறகு, வேப்பெண்ணெயையும் கொஞ்சம் சோப்பையும் தண்ணீரில் கலந்து, இலைகளின் அடிப்பக்கத்தில் மட்டும் அடித்தாள். அதற்குப் பிறகும் மூன்று நாளைக்கு ஒருமுறை அப்படியே அடித்தாள். மாமாவின் பாட்டிலைத் தொடவே இல்லை. அடுத்த ஞாயிறு மாமா, “அடிச்சியாக்கா?” என்று கேட்டார்.

“அடிக்காம? அடிச்சிட்டேன்டா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்குப் பரீட்சைத் தாளை டீச்சர் தரவே இல்லை என்று சொன்னதற்காக, போன வாரம்தான் அம்மா என் முதுகில் இரண்டு வைத்திருந்தாள். பொய் சொன்ன வாய்க்கு அன்று ராத்திரி சோறும் தாமதமாகத்தான் கிடைத்தது. அவளுடைய பொய்க்கு யார் அடிப்பது? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த மருந்தை நானே அடித்துவிட்டால் அம்மா சொன்னது உண்மையாகிவிடும்.

சனிக்கிழமை காலை அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறிப் பாட்டிலை எடுத்தேன். பின்பக்கம் கொண்டுபோனேன். மூடி அசையவில்லை. பாவாடையால் பிடித்துத் திருகியும் அசையவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத் திறக்கலாம் என்று வாயருகே கொண்டுபோனேன். பின்னால் பை தொப்பென்று விழுந்தது.

“கீழ வை! வாய்ல பட்டுதா? சொல்லுடி, வாய்ல பட்டுதா?”

இல்லையென்று தலையாட்டினேன். அம்மா நம்பவில்லை. குழாயடிக்கு இழுத்துப்போய் என் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். நான் அழுதுகொண்டே என் திட்டத்தைச் சொன்னேன். அவளுக்கு அடிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. கொடியருகே கூட்டிப்போய் ஒரு பூவைக் காட்டினாள். உள்ளே ஒரு தேனீ உடம்பெல்லாம் மஞ்சள் பொடி பூசிக்கொண்டு புரண்டுகொண்டிருந்தது.

“அந்த மருந்துக்கு எது கெட்ட பூச்சி, எது நல்ல பூச்சின்னு தெரியாது. இதுங்க வரலேன்னா பிஞ்செல்லாம் வெம்பி உழுந்துடும்.”

“அப்போ மாமா கையில ஏன் பொய் சொன்ன?”

“அக்காவுக்குன்னு ஆசையா எடுத்துக்கினு வந்தான். வாணாம்னா மூஞ்சி தொங்கிடும். நீ வாயத் தொறக்காத, இன்னா?”

மறுநாள் மாமா காலையிலேயே வந்துவிட்டார். நேராகக் கொடியருகே போய் வெகுநேரம் நின்றார். பூவுக்குப் பூ தேனீக்கள். ஓர் இலையைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தார். வேப்பெண்ணெய் வாடை எனக்கே அடித்தது. அவரோ சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“நம்ம மருந்து நல்லாக் கேக்குதுக்கா. இப்ப இன்னா அடிக்கிறியோ அதையே அடி. பூ மூடினப்பறம் அடி.”

“செரிடா” என்றாள் அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

“மிச்சத்தக் குடு. ஊட்ல கொழந்த கீது, அதெல்லாம் வெச்சிக்காத.”

அம்மா பாட்டிலைத் துணிப்பையில் சுற்றிக் கொடுத்தாள். மாமா பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே பைக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கிளம்பும்போது, “ஒரு காய் குடுக்கா. எங்க ஊட்டுப் பசங்களுக்கு உன் கொடிக் காய்தான்” என்று கேட்டு வாங்கிப்போனார். அந்தக் கொடி இருந்த வரைக்கும் அப்படித்தான் வாங்கிப்போனார்.

பூச்சிமருந்துக் கடையிலேயே வேலை பார்த்தும் ஒன்றும் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று மாமாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. அம்மா மாட்டிக்கொள்ளாமல் தப்பித்ததும், மாமாவின் முகம் தொங்காமல் இருந்ததும், நான் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.