வந்தவர்களின் சந்தோஷம்

என் மனைவி கணக்கு டீச்சர். போன கோடை விடுமுறையில் ஒரு கதை எழுதினாள். வேறு கிரகத்திலிருந்து ஒரு கூட்டம் பூமிக்கு வருகிறது. அவர்களை ‘வந்தவர்கள்’ என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தாள். ஆற்று நீர் கொதித்து ஆவியாகும்போது எழும் வாசனை அவர்களுக்குப் போதை. ஒவ்வோர் ஆறாகக் கொதிக்கவைத்துக் கரையில் கூடி ஆடுகிறார்கள். கரையோர ஊர்கள் தாகத்தில் சாகின்றன.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை வீட்டின் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு மாலை அதைப் படித்து முடித்தேன். அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் இடம் எனக்கு ஒட்டவில்லை. ஒரு பெண் தண்ணீர் கேட்டுக் கதறுகிறாள். ஆடுகிறவர்களில் ஒருவன் திரும்பி அவளைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு மறுபடி ஆடப் போய்விடுகிறான்.

“பாத்துட்டும் போறான்னா, அவ துடிக்கிறதுல அவனுக்கு ஒரு ருசி இருக்குன்னு அர்த்தம். இவங்க கொடூரமானவங்கன்னு தெளிவா எழுதிடேன்” என்றேன்.

“இல்லங்க. அப்படிப்பட்டவனா இருந்தா நின்னு பாத்திருப்பான். கொடூரமானவனுக்கு அவ அழுகை வேணும். இவனுக்கு அது தேவையே இல்ல. சந்தோஷமா இருக்கான். அவ்வளவுதான்.”

“அப்ப இவன் பரவாயில்லங்கிறியா?”

கையிலிருந்த சேலையை மடித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னாள். “வதைக்கிறவனுக்கு எதிர்ல ஒருத்தி இருக்கான்னாவது தெரியும்.”

துணிகளை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். நான் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். அவன் திரும்பிப் பார்க்கிற வரியைத் தாண்ட முடியவில்லை.

அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் ஐந்து மாத கர்ப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலை நண்பர்களோடு முசிறிப் பக்கம் ஒரு வாழைத்தோப்புக்குப் போயிருந்தேன். மீன் வறுவல், சீட்டு, பாட்டு. காலையில் அவள் போனில் கூப்பிட்டு வயிறு வலிக்கிறது என்றாள். “கொஞ்சம் படுத்துக்க, சாயங்காலம் வந்துடறேன்” என்றேன். மதியம் மறுபடி அடித்தது. திரையில் அவள் பெயரைப் பார்த்தேன். நல்ல ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த வீட்டு அக்காதான் அவளை ஆட்டோவில் ஏற்றிப் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கென்று பொட்டலம் கட்டி வாங்கி வந்த மீன் என் கையில் இருந்தது. டவர் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திட்டவில்லை. அதன்பின் எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை.

மாடியிலிருந்து இறங்கினேன். அவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு டவர் இருந்துச்சு. நீ கூப்பிட்டதைப் பாத்துட்டுத்தான் எடுக்கல” என்றேன்.

“முழுசா ரிங் போச்சேங்க. எனக்குத் தெரியாதா?”

“என்னை நெனச்சா எழுதின?”

“எழுதும்போது நெனைக்கல.” கத்தி நின்றது. “முடிச்சிட்டுப் படிச்சுப் பாத்தா, நீங்க இருந்தீங்க. அந்த இடத்த அடிச்சிடலாம்னு பாத்தேன். மனசு வரல.”

மன்னிப்புக் கேட்டேன். தலையை அசைத்தாள். அது சரி என்பதா, போதும் என்பதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரவு வழக்கம்போல் சேர்ந்து சாப்பிட்டோம். நண்பர்களோடு தோப்புக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளை நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கதையை ஒரு மாத இதழுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தைகூட மாறாமல் வெளிவந்தது. இதழ் தபாலில் வந்த அன்று ஆசையாகப் பிரித்தேன். முழுப் பக்கத்துக்கு ஓவியம் போட்டிருந்தார்கள். வந்தவர்களுக்குச் சிவந்த கண்கள், வாயோரம் கோரைப் பற்கள், கையில் ஈட்டி.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

“பல்லு வச்சிட்டாங்களே” என்றாள். “பாத்தா நமக்கே பிடிச்சுப்போற மாதிரி முகம்ங்க அவங்களுக்கு.”

இதழை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.